மூச்சைப் பிடிச்சுக்கிட்ட வீடு

எங்க தெருவுல வீடு வாங்கப் போறவங்க வாஸ்து பாக்க மாட்டாங்க, கெணத்துத் தண்ணி உப்பா நல்லதான்னு கேக்க மாட்டாங்க, வில்லங்கம் போட்டுப் பாக்குறதைக்கூட ரெண்டாவதா வச்சுக்கிடுவாங்க, ஆனா எந்தச் சர்வேயரைக் கூப்பிடணும்ங்கிறதை மட்டும் வீட்டுக்குள்ள வச்சுப் பேசி, வாசல்ல வச்சுப் பேசி, டீக்கடையில வச்சுச் சண்டை போட்டு, அதுக்கப்புறம்தான் அட்வான்ஸைக் கையில எடுப்பாங்க. கோவில்பட்டிக்கு வந்து தீப்பெட்டி ஆபீஸ் தெருன்னு சொன்னா ஆட்டோக்காரங்க "அந்த மூச்சுப் பிடிக்கிற வீடுக இருக்குமே, அந்தத் தெருவா"ன்னு கேட்டுக்கிட்டே கொண்டாந்து விட்டுருவாங்க. அதே தெருதான். நான் இங்க லேடீஸ் டைலர், பேரு கோமதி.

விஷயம் இம்புட்டுத்தான். அளவெடுக்க ஆள் வந்து நின்னா எங்க தெரு வீடுக மூச்சைப் பிடிச்சுக்கிடும். இதுல அதிசயப்பட என்ன இருக்கு? என் கடைக்கு ஜாக்கெட் தைக்க வர்ற பொம்பளைகளையே எடுத்துக்கோங்க, டேப்பை இடுப்புல சுத்துன ஒடனே வயித்தை எக்கிக்கிட்டு நிப்பாங்க, "மூச்சை விடுங்க மதினி"ன்னா "விட்டுட்டுத்தான் நிக்கேன்"னு சாதிப்பாங்க, தச்சுக் குடுத்தபெறகு கொக்கி மாட்ட மாட்டேங்குன்னு என்னையத்தான் வைவாங்க. வீடும் அப்படித்தான், சுவரை உள்ளாற இழுத்துக்கிட்டு, ஜன்னலை ஒடுக்கிக்கிட்டு, புதுப்பொண்ணு கணக்கா நிக்கும். ஒரே வித்தியாசம், ஜாக்கெட்டைப் பிரிச்சுத் தச்சிரலாம், வீட்டைப் பிரிச்சுத் தைக்க முடியாது. சர்வேயர் எழுதுன அளவு பத்திரத்துல ஏறிருச்சுன்னா வீடு அந்த அளவுலயே நின்னுக்கிடும், அடுத்த கை மாறுற வரைக்கும் ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது.

ஏன் இப்படின்னு எங்ககிட்ட கேக்காதீங்க. இங்க முன்னாடி தீப்பெட்டி ஆபீஸ் இருந்துச்சு, குச்சியில மருந்து முக்குறப்ப வாடை தாங்காம எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வேலை பாத்தாங்க, அந்தப் பழக்கம் மண்ணுல எறங்கிருச்சுன்னு சிலபேர் சொல்லுவாங்க. இருக்கலாம். பத்திர ஆபீஸுக்குப் புதுசா வர்ற அதிகாரிக மொதல்ல சிரிப்பாங்க, ஒரு தரம் வந்து சுவத்துல கைய வச்சுப் பாத்துட்டுப் போனபெறகு சிரிக்க மாட்டாங்க. "சர்வேயர் என்ன எழுதியிருக்காரோ அதையே எழுதிக்கோங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்க.

ஆக, எல்லாம் சர்வேயர் கையிலதான் இருக்கு. ரிட்டயர்டு ஆன சங்கரலிங்கம் சார்னு ஒருத்தர், நாணயமான மனுஷன், டீ வாங்கிக் குடுத்தாக்கூட குடிக்க மாட்டார், ஆனா அந்தக் காலத்து இரும்புச் சங்கிலியைத்தான் இன்னமும் கொண்டு வருவார். உச்சி வெயில்ல அந்தச் சங்கிலியைக் கலகலன்னு தரையில போட்டார்னா வீடு பயந்து ஒடுங்கிப் போகும். பலசரக்குக் கடை தங்கபாண்டி அண்ணன் குடியிருந்த வீட்டையே வெலைக்கு வாங்குனப்ப அவர்தான் அளந்தார். அன்னையிலிருந்து உள்ரூம்ல இருந்த பீரோ வாசல் வழியா வெளிய வரல. மகளைக் கட்டிக் குடுக்கும்போது சீர்ல வச்ச பீரோ அது, பிள்ளை மட்டும்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போச்சு. இப்பவும் தீபாவளி, பொங்கல்னா அந்தப் பிள்ளை பஸ் ஏறி வந்து, பீரோவைத் தொறந்து, பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டுப் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போகுது. தங்கபாண்டி அண்ணனுக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்ல. பீரோ போயிருந்தா பிள்ளை இம்புட்டுத் தரம் வந்திருக்காதுன்னு சொல்லிக்கிட்டு திரியுதார்.

இன்னொருத்தர் மதுரைக் கம்பெனிக்காரர், லேசர் மிஷின் வச்சிருக்கிறவர். அந்தச் செவப்பு வெளிச்சம் சுவத்துல பட்டா வீட்டுக்குக் கூச்சம் தாங்காது, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். அவரு பாவம், அது சிரிக்கிற நேரம் பாத்து அளவை எழுதிட்டுப் போயிருவாரு. மாடி வீட்டுச் சொர்ணத்தக்கா வீட்டு ஹால் அப்படி ஆனதுதான். அடுப்படியில இருந்து காப்பியைக் கொண்டு போறதுக்குள்ள ஆறிப்போகுதுன்னு அவுக வீட்டுக்காரர் அடுப்படியிலேயே கட்டிலைப் போட்டுக்கிட்டார். ராத்திரி ஹால் லைட்டை அமத்தப் போறவங்க டார்ச் கொண்டு போகணும். பெரிய வீடு வேணும்னு வரம் கேட்டு வந்ததுன்னு சொர்ணத்தக்கா அலுத்துக்கிடும், ஆனா விருந்தாளி வந்தா அந்த ஹாலைத்தான் மொதல்ல காட்டும்.

இப்படி இருக்கயிலதான் எங்க ஆவுடையப்பன் அண்ணாச்சி வீடு வாங்கக் கெளம்பினார்.

அண்ணாச்சி கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா இருந்தவர். காத்துமழையில கரண்ட் போச்சுன்னா தெருவே அவருக்குத்தான் போன் போடும், அவரும் சாப்பாட்டுல இருந்து பாதியில எந்திரிச்சு வருவார். அப்படி ஒரு மழையில ஈரத்துல கால் வழுக்கிப் போஸ்ட்டுல இருந்து விழுந்ததுதான், இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்லாமப் போச்சு, அன்னையில இருந்து சக்கர நாற்காலி. அவர் சம்சாரம் செண்பகவல்லி மதினி இட்லி மாவு அரைச்சு விக்கிறவங்க, வாட்டசாட்டமான பொம்பளை. இந்தத் தெருவுக்குள்ளயே வாடகைக்கு வீடு மாத்தி வீடு மாத்தி இருந்தாங்க, எல்லா வீட்டுலயும் ஒரே கஷ்டம்தான், பாத்ரூம் வாசல் ஒல்லி. வீட்டுச் சொந்தக்காரங்க வரி குறையட்டும்னு சங்கரலிங்கம் சாரை வச்சு அளந்த வீடுக, பின்ன எப்படி இருக்கும்? நாற்காலியை வாசல்ல நிறுத்தி, மதினி அவரைக் குழந்தையைத் தூக்குற மாதிரி தூக்கிக்கிட்டுப் போய் உக்கார வச்சு, அங்கனயே சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னு, திரும்பவும் தூக்கிக்கிட்டு வரணும். கதவைச் சாத்த வழி இல்ல.

மதினி ஒரு நாளும் மூஞ்சியைச் சுளிச்சது இல்ல. அண்ணாச்சியும் ஒரு நாளும் வாயைத் தொறந்து சொன்னது இல்ல. ஆனா தண்ணி குடிக்கிறதைக் குறைச்சுக்கிட்டார். கோவில்பட்டி வெயில்ல நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டுப் பேச்சு வராது, தண்ணியை நீட்டுனா "தாகம் இல்ல"ம்பார். டாக்டர் கல்லு சேந்திருக்குன்னு வைதார், அப்பவும் தாகம் இல்லம்பார். எதுக்குத் தாகம் இல்லன்னு எல்லாருக்கும் தெரியும், கேக்கத்தான் யாருக்கும் தைரியம் இல்ல. மதினி மட்டும் என் கடைக்கு வந்தா மிஷின் பக்கத்துல உக்காந்து சேலைத் தலப்பால கண்ணைத் தொடச்சுக்கிட்டே மாவுக் கணக்கு பேசும்.

ரெஜினா டீச்சர் ஓசூர்ல மகன் வீட்டுக்குப் போறேன், வீட்டை விக்கப் போறேன்னு சொன்னதும் மதினி செருப்புக்கூடப் போடாம ஓடுச்சு. ஏன்னா தெருவுலயே படி இல்லாத வீடு அது ஒண்ணுதான். கட்டும்போது படி இருந்துச்சு, நம்ம ஊர்ல ரோடு போடுறவங்க பழைய ரோட்டைக் கொத்தாம அது மேலேயே போட்டுப் போட்டு, படி எல்லாம் தாருக்குள்ள போயி, வாசலும் ரோடும் ஒண்ணாயிருச்சு. மழைத் தண்ணி உள்ள வருதுன்னு டீச்சர் எழுதிப் போடாத மனு இல்ல. அதே வாசல்ல அண்ணாச்சி யாரும் தள்ளாம தானா உருட்டிக்கிட்டு உள்ள போயி நடு ஹால்ல நின்னதைப் பாத்துட்டு டீச்சர், "ரோடு போட்டவனை இம்புட்டு நாள் வைதுட்டேனே"ன்னு சொல்லுச்சு.

பாத்ரூம் வாசல்தான் கேள்வி. டீச்சர் வாங்குறப்ப யாரோ அவசரத்துல அளந்தது, ஒடுக்கமா நின்னுபோச்சு. கை மாறும்போது புதுசா அளப்பாங்க, அப்ப அது எம்புட்டு விரியுதோ அதுதான் அண்ணாச்சி காலத்துக்கும். அதனால சர்வேயர் யாருங்கிறதுல புருஷன் பொண்டாட்டிக்குள்ள வந்துச்சு பாருங்க சண்டை.

"லேசர்காரரைக் கூப்பிடுவோம்ங்க. ஹால் பெருசானா ஆகிட்டுப் போகுது, நான் நடந்துக்கிடுதேன்" மதினி சொல்லுச்சு.

"சிரிப்புக் காட்டி வாங்குன வாசல் எனக்கு வேண்டாம்" அண்ணாச்சி சொன்னார். "சங்கரலிங்கம் சாரைக் கூப்பிடு. நேர்மையான மனுஷன். என் காலு இப்படி ஆனதுக்காக ஒருத்தரும் கூட்டி எழுத வேண்டாம்."

"அவரு சங்கிலியைப் போட்டா எலிகூட உள்ள போகாது."

"போகலைன்னா போகல. இம்புட்டு நாள் இருக்கல?"

மதினி மாவுச் சட்டியை எடுத்து நங்குன்னு வச்சுட்டு என் கடைக்கு வந்துருச்சு. எனக்குக் கோவம்னா கோவம். மனுஷனுக்கு மானம் இருக்கணும்தான், அதுக்காகப் பொண்டாட்டி கையை ஒடிக்கணுமா? நேரா அண்ணாச்சிகிட்டயே போயிக் கேட்டுட்டேன். அவர் நாற்காலிச் சக்கரத்தைத் தடவிக்கிட்டே சொன்னார்.

"கோமதி, எனக்கு அந்த வீட்டுல வேற ஒண்ணும் வேண்டாம்மா. கதவைச் சாத்திக்கிட்டு நான் ஒருத்தனா இருக்கணும். அது நெசமா இருக்கணும். யாரோ பாவம்னு எழுதிக் குடுத்ததா இருந்தா, அந்தக் கதவைச் சாத்தயில எல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்."

அப்பத்தான் நான் இசக்கியம்மாள் பேரைச் சொன்னேன். எட்டயபுரம் ரோட்டுல இருந்து ஸ்கூட்டியில வர்ற லைசென்ஸ் சர்வேயர், அம்பது வயசு இருக்கும், சிடுமூஞ்சி. நெறைய பேரு அவளைக் கூப்பிட மாட்டாங்க, ஏன்னா கண்டிஷன் ஜாஸ்தி. அளக்குற அன்னைக்கு அந்த வீட்டு அடுப்புல சமையல் ஆகணும். விக்கிறவங்க, வாங்குறவங்க எல்லாரும் அங்கனயே ஒக்காந்து சாப்பிடணும். ஒருத்தரும் அளவைப் பத்திப் பேசப் படாது. சாப்புட்டதும் அவ ஒரு தூக்கம் போடுவா. எந்திரிச்சு, கொட்டாவி விட்டுக்கிட்டே, வீடு அசந்த நேரமா டேப்பைப் பிடிப்பா. இரும்பு டேப்பு வீட்டுக்குச் சில்லுன்னு இருக்கும்னு சின்ன அளவுக்கெல்லாம் என்னோட துணி டேப்பைத்தான் வாங்கிக்கிடுவா, திருப்பித் தர மறந்தும் போவா.

அண்ணாச்சி போன்ல அவகிட்ட ஒரே கேள்விதான் கேட்டார். "எங்களுக்குத் தோதா எழுதுவீங்களா?"

"உங்களுக்குத் தோதாவும் எழுத மாட்டேன், வீட்டுக்குத் தோதாவும் எழுத மாட்டேன். மூச்சு விடுறப்ப எம்புட்டு இருக்கோ அம்புட்டு எழுதுவேன். கருவாட்டுக் கொழம்பு வைக்கத் தெரியுமா உங்க வீட்டுல?"

"தெரியும்"னார் அண்ணாச்சி. அதோட முடிஞ்சு போச்சு.

வியாழக்கிழமை இசக்கி வந்தா. மறுநாள் பத்திரம், பத்திரம் முடிஞ்ச சாயங்காலமே டீச்சருக்கு ரயில், அதனால வியாழக்கிழமை எழுதுறதுதான் எழுத்து. மதினி கொழம்பு வச்சுச்சு, டீச்சர் அப்பளம் பொரிச்சுச்சு, எல்லாரும் வட்டமா உக்காந்து சாப்பிட்டோம், இசக்கி ஹால்ல பாயை விரிச்சுக் கொறட்டை விட்டா. அவ கொறட்டைக்குப் பதில் கொறட்டை மாதிரி சுவரும் மெல்ல ஏறி எறங்குச்சு, மாட்டியிருந்த காலண்டர் தாள் அதுக்குத் தக்கன அசைஞ்சுச்சு. எந்திரிச்சு ஹாலை அளந்தா, ரூமை அளந்தா, அடுப்படியை அளந்தா, எல்லாம் தாராளமா இருந்துச்சு. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு.

அங்கதான் நாங்க தப்பு பண்ணுனோம். பாத்ரூமை அளக்கப் போறாங்கன்னு எப்படித்தான் தெரிஞ்சுச்சோ, தெருவே உள்ள வந்துருச்சு. சொர்ணத்தக்கா, தங்கபாண்டி அண்ணன், டீக்கடைக்காரர் வரைக்கும், சும்மா எட்டிப் பாக்க வந்தோம்னு சொல்லிக்கிட்டு நிக்காங்க. எல்லாரும் நல்ல மனசோடதான் வந்தாங்க, அதுதான் வெனை. அண்ணாச்சி நாற்காலியைப் பாத்ரூம் வாசலுக்கு நேரா உருட்டுனார். நாங்க அம்புட்டுப் பேரும், போயிரணுமே, போயிரணுமேன்னு, சேந்தாப்புல மூச்சைப் பிடிச்சுக்கிட்டோம். அண்ணாச்சியும் பிடிச்சுக்கிட்டார், நான் பாத்தேன், மதினி தூக்க வர்றப்ப எல்லாம் பிடிப்பாரே அதே மாதிரி, கண்ணை மூடிக்கிட்டு. வீடும் பிடிச்சுக்கிட்டுச்சு.

தட்டுன்னு சக்கரம் நிலையில இடிச்சுச்சு. ரெண்டு விரக்கடை பத்தல.

அண்ணாச்சி நாற்காலியைப் பின்னால எடுத்து இன்னொரு தரம் உருட்டுனார். அதே தட்டு. அப்புறம் திரும்பி எங்களைப் பாத்துச் சிரிச்சார். "பரவால்ல. செண்பகம் இருக்கால்ல"ன்னார். மதினி சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு, எப்பவும் நிக்கிற மாதிரி. அந்தச் சிரிப்பை நான் பாத்திருக்க வேண்டாம்னு இருந்துச்சு எனக்கு.

"ஏன், இது என்ன ஆஸ்பத்திரியா? இம்புட்டுப் பேரு மூச்சை அடக்கிக்கிட்டு நின்னா அது மட்டும் எப்படி விடும்?" இசக்கி பென்சிலைக் காதுல சொருகிக்கிட்டா. "எல்லாரும் வெளிய போங்க. நீங்களும்தான் மதினி. அண்ணாச்சி, நீங்க இருங்க. நான் ஒரு டீ குடிச்சுட்டு வந்து எழுதுதேன்."

எழுதுதேன்னா என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும். தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு ரோட்டுக்கு வந்தோம். டீ வந்துச்சு. இசக்கி ஒரு மடக்குக் குடிச்சுட்டு, சும்மா கேக்குற மாதிரி கேட்டா, "ஆமா, இந்தத் தெருவுல கொழாய்த் தண்ணி என்னைக்கு வருது? வரிசை யாரு வைக்கிறது?"

வேணும்னுதான் கேட்டாளா, நெசமாவே தெரியாமக் கேட்டாளா, இன்னைக்கு வரைக்கும் அவ சொல்லல. எங்க ஊர்ல கேக்கக் கூடாத கேள்வி அது.

"வரிசையா? இங்க யாரு வரிசையை மதிக்கா?"ன்னு சொர்ணத்தக்கா ஆரம்பிச்சுச்சு. "போன வாரம் என் கொடத்தை யாரு நகட்டி வச்சதுன்னு கேளுங்க."

"நகட்டுனேன்"னு மதினி தலையைத் தூக்குச்சு. "கொடத்தைப் போட்டுட்டு வீட்டுல போயி நாடகம் பாத்தா நகட்டத்தான் செய்வேன்."

"நாடகம் பாத்தேனா? என் ஹாலைத் தாண்டி வர்றதுக்குள்ள பாதித் தண்ணி நின்னுபோகுது, தெரியாதாக்கும்?"

"அதுக்கு ரோட்டுல இருக்கிறவ என்ன செய்ய?"

தங்கபாண்டி அண்ணன் சமாதானம் பண்ணப் போனார், மூணு கொடம் வைக்கிற ஆளு பேசக் கூடாதுன்னு ரெண்டு பேரும் சேந்து அவர் மேல பாஞ்சாங்க. நான் மட்டும் சும்மா இருந்தேனா, என் அண்டா காணாமப்போன கதையை எடுத்தேன். டீச்சர், நாளைக்கு ஊரை விட்டுப் போற மனுஷி, தானும் சேலையைச் சொருகிக்கிட்டு எறங்குச்சு. தெரு முழுக்க ஒரே கூச்சல். அதுல அண்ணாச்சி உள்ள இருக்கார்ங்கிற நெனப்பே ஒருத்தருக்கும் இல்ல. மதினிக்கும் இல்ல. இத்தன வருஷத்துல மொத தடவையா அது அவரை மறந்துருந்துச்சு, இடுப்புல கைய வச்சுக்கிட்டு, மூஞ்சியெல்லாம் செவந்து, எம்புட்டு அழகா இருந்துச்சு தெரியுமா.

அப்ப உள்ளேருந்து "டக்"குன்னு ஒரு சத்தம்.

தாழ்ப்பாள் சத்தம். மதினி பாதிச் சொல்லுல நிறுத்திருச்சு. அடுத்து வீடு பெருமூச்சு விட்டுச்சு, வாசல் வழியா கருவாட்டுக் கொழம்பு வாசத்தோட ஒரு காத்து வந்து எங்க மூஞ்சியில அடிச்சுச்சு, சுண்ணாம்புத் தூள் பொலபொலன்னு உதுந்துச்சு. அப்புறம் கொழாயைத் தொறக்குற சத்தம். வாளியில தண்ணி விழுற சத்தம்.

இசக்கி டீ கிளாஸைக் கீழ வச்சுட்டு உள்ள போனா, நாங்க பின்னாடியே போனோம். ஹால்ல நாற்காலி இல்ல. பாத்ரூம் கதவு சாத்தியிருந்துச்சு. அவ நிலையில என் டேப்பைப் பிடிச்சுக்கிட்டே கேட்டா, "அண்ணாச்சி, முழங்கை இடிக்குதா?"

"இடிக்கல."

"உள்ள வச்சுத் திரும்ப முடியுதா?"

"ரெண்டு தரம் திரும்பிப் பாத்துட்டேன்."

அவ காதுல இருந்த பென்சிலை எடுத்து எழுதுனா. நான் எட்டிப் பாத்தேன், நெசமான அளவு, ஒரு நூல் கூட்டல. டீச்சர் ஸ்தோத்திரம் சொல்லுச்சு. மதினி பாத்ரூம் வாசல்ல நின்னு ரெண்டு கையையும் பாத்துச்சு, அந்த நேரத்துல கைய என்ன செய்யணும்னு அதுக்குத் தெரியல. அப்படியே தரையில உக்காந்து அழுதுச்சு. நாங்க விட்டுட்டோம், அழட்டும்னு.

ரொம்ப நேரம் ஆச்சு. தண்ணிச் சத்தம் நின்னு எம்புட்டோ நேரம் ஆச்சு. அண்ணாச்சி வரல.

"என்னங்க, இன்னும் என்ன பண்ணுதீங்க?" மதினி மூக்கை உறிஞ்சிக்கிட்டுக் கேட்டுச்சு.

"ஒண்ணும் பண்ணல செண்பகம். சும்மா இருக்கேன்."

"சர்வேயரம்மா போகணும்ங்காங்க."

"போகட்டும். நான் வாரேன், இரு."

மறுபடி அந்த டக்கு. கதவு தொறந்துச்சு. அண்ணாச்சி மூஞ்சி கழுவியிருந்தார், முடியைத் தண்ணி தொட்டுக் கையாலயே சீவியிருந்தார், நாற்காலியைத் தானா உருட்டிக்கிட்டு எங்களைக் கடந்து நடு ஹாலுக்கு வந்து நின்னார்.

"செண்பகம், குடிக்கத் தண்ணி கொண்டா"ன்னார்.

மதினி சொம்பு நெறையக் கொண்டாந்து குடுத்துச்சு. அண்ணாந்து, தொண்டை ஏறி எறங்க, ஒரு சொட்டு விடாமக் குடிச்சார். தெருவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. வாயைத் தொடச்சுக்கிட்டு, காலிச் சொம்பை மதினிகிட்ட நீட்டுனார்.

"இன்னொரு சொம்பு."